ஒன்றரை ஷிப்டும் வயிற்றுப் பிள்ளையும்

திருப்பூரில் காலை பதினொரு மணிவாக்கில் தையல் மெஷின் சத்தம் சிறிது நேரம் ஓயும். கெட்டிலில் டீ வரும். கூடவே வடை, பன், வர்க்கி. எட்டரை மணிக்கு ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்த டெய்லர்கள், செக்கிங் டேபிளில் நின்றபடியே பிசிறு வெட்டுகிற பெண்கள், கைமடிக்கிற பிள்ளைகள் என்று பலருக்கும் அன்றைய முதல் ஆகாரம் அதுதான். அவர்களில் ஐந்து மாதம், ஆறு மாதம் ஆனவர்களும் இருக்கிறார்கள். அந்த டீயும் பன்னும் அவர்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் காலைச் சாப்பாடு.

கர்ப்பிணிகளுக்கான உணவுப் பட்டியலை நாம் பலமுறை படித்திருக்கிறோம். காலையில் பால், முற்பகலில் பழம், மதியம் கீரையும் பருப்பும், மாலையில் சுண்டல். பட்டியலில் தவறில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் அடுப்படிக்குப் போக முடிந்த பெண்ணை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அது. அவிநாசியிலிருந்து பல்லடம் வரை, பெருமாநல்லூரிலிருந்து வீரபாண்டி வரை பனியன் கம்பெனிகளிலும் பவர் டேபிள் என்கிற சிறு தையல் கூடங்களிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்கு எதைச் சாப்பிடுவது என்பது பாதிக் கேள்விதான். எப்போது, எத்தனை நிமிடத்தில், எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை முடிவு செய்வது ஷிப்ட் மணி.

ஒன்றரை ஷிப்ட் என்பது இந்த ஊரின் கணக்கு. காலை எட்டரைக்கு ஆரம்பித்து இரவு எட்டரை, ஒன்பது வரை போகும். ஏற்றுமதி ஆர்டர் கப்பலேறும் தேதி நெருங்கினால் அதற்கும் மேலே போகும். ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் விடுகிற நாளென்றால் அதையும் பிடித்து, சமைத்து, மூத்த குழந்தையைக் கிளப்பி, வீட்டில் எல்லோருக்கும் பாக்ஸ் கட்டி, எட்டு மணிக்கு கம்பெனி வேனையோ டவுன் பஸ்ஸையோ பிடிக்கிறவர் தனக்கென்று தட்டு எடுப்பதில்லை. கேட்டால், “எங்கீங்க நேரம், டீ டைம்ல பாத்துக்கலாம்னு வந்துட்டேன்” என்பதுதான் ஊரெங்கும் கேட்கிற பதில்.

மதியம் திறக்கிற டிபன் பாக்ஸை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதிகாலையில் வதக்கிய கீரை சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், ஒரு மணி வரை தாங்காது, ஊசிப்போகும். அதனால் கீரை பாக்ஸுக்குள் வருவதே இல்லை. பருப்புக் குழம்புக்கும் அதே கதி. மசக்கை இருக்கும்வரை மூடி திறந்ததும் அடிக்கிற முட்டை வாடை ஆகாது. கெடாமல் மிஞ்சுவது புளிச்சோறு, தக்காளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு அல்லது ஊறுகாய். வயிறு நிறைகிறது. புரதமும் இரும்புச்சத்தும் வருவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி மறுபடி உலை வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் அவர் உட்காருகிறார். சனிக்கிழமை சம்பளம் வந்தால் பரோட்டா பார்சல்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். புரதம் நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். 350 கலோரியைச் சோற்றிலேயே எடுத்துவிடலாம். புரதத்தில்தான் இந்த பாக்ஸ் தோற்கிறது. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம் புரதம். முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் பக்கத்து ஊர். கறிக்கோழிக்கு நாடே விலை கேட்கிற பல்லடம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. பொருள் தூரத்தில் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரத்தக் கணக்கு

இரும்புச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தாயின் உணவுக்கும் பிள்ளையின் மூளைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் மிக வெளிச்சமாகத் தெரிகிறது.

கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. புதிய ரத்தத்துக்கும், நஞ்சுக்கொடிக்கும், பிள்ளையின் உடலுக்குமாகச் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. அதில் பெரும்பகுதி கடைசி மாதங்களில் தேவைப்படுகிறது. பிள்ளை தன் முதல் ஆறு மாத வாழ்க்கைக்கான இரும்பைத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கல்லீரலில் சேர்த்துக்கொள்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் இந்தச் சேமிப்புதான் கைகொடுக்கும். மூளையில் நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி வளர்வதும், நரம்புகளுக்கு மேலுறை ஏறுவதும் இரும்பு இல்லாமல் நடக்காது. சர்க்கரை நோயுள்ள தாய்மாருக்கு இரும்புச் சேமிப்பு குறைந்து பிறந்த குழந்தைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, தாயின் குரலையும் அந்நியப் பெண்ணின் குரலையும் பிரித்தறிகிற மூளைச் சமிக்ஞை அந்தக் குழந்தைகளிடம் மங்கலாக இருந்தது. பிறந்த சில நாட்களிலேயே தெரிகிற வித்தியாசம் அது.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் தீவிரம். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. முந்தைய கணக்கெடுப்பில் அது 44.4. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில் இந்த எண் இறங்காமல் ஏறியிருக்கிறது. மாத்திரை கிடைக்காமல் இல்லை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையை 180 நாட்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே இலவசமாகக் கொடுக்கிறது.

மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது? காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. குமட்டினால் வேலைக்குப் போக முடியாது. சரியென்று பதினொரு மணி டீயோடு போடுகிறார்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடுவதில்லை. சாப்பாட்டோடு டீ குடித்தாலே அந்தச் சாப்பாட்டு இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிறது. காலை டீ, பதினொரு மணி டீ, நாலு மணி டீ, ஓவர்டைம் டீ என்று ஓடுகிற உடம்பில் இரும்பு உள்ளே போக இடைவெளியே இல்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கினாலும் இதே நஷ்டம்தான். அதற்கு மேல் மலச்சிக்கல், கறுப்பாகப் போவதைக் கண்டு வரும் பயம். கழிப்பறைக்குப் போகவே சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், மலச்சிக்கல் தருகிற மாத்திரையை ஒரு பெண் ஓரமாக வைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எளிய மாற்றம் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன், பாதி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடோ ஒரு நெல்லிக்காயோடோ மாத்திரையைப் போட்டால் குமட்டல் குறையும், இரும்பும் நன்றாகச் சேரும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்தால் போதும், விட வேண்டியதில்லை. கர்ப்பிணி பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாலோ, திருநீறு, சாம்பல், சிலேட்டுக்குச்சி மேல் ஆசை வந்தாலோ அதை மசக்கை ஆசை என்று வீட்டில் சிரித்து விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவு அப்படியும் தன்னைக் காட்டிக்கொள்ளும். ரத்தம் பரிசோதிக்க வேண்டிய நேரம் அது.

கல்யாணத்துக்கு முன்பே

பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக்குழல் கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்குச் சந்தேகம் தட்டி உறுதியாகிற நேரத்தில் பெரும்பாலும் அந்த வேலை முடிந்துபோயிருக்கும். ஃபோலிக் அமிலம் போதாமல் அது சரியாக மூடாவிட்டால் பிள்ளை தண்டுவடக் குறைபாட்டோடு பிறக்கலாம். ஏற்கெனவே அப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தைச் சுற்றி ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ஆபத்து 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு காட்டியது. ஆகவே மூன்றாம் மாதம் செவிலியரிடம் பதிவு செய்து மாத்திரை வாங்கும்போது முதல் பாடம் நடந்து முடிந்துவிட்டது.

இந்த உண்மையை நம் பகுதியில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் பல ஆண்டுகளாகத் தெற்கு மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை கையில் கிடைக்கும் என்று அழைத்துவந்த ‘சுமங்கலித் திட்டம்’ கடும் கண்டனத்துக்கு ஆளானது. பெயர் மாறியது. விடுதி வேலை முற்றாக ஒழிந்துவிடவில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு வயது என்பது உடம்பு கடைசியாக உயரமும் எலும்பும் ரத்தமும் சேர்த்துக்கொள்கிற வயது. அந்த வயதை இரவு ஷிப்டிலும் விடுதிச் சாம்பாரிலும் கழித்த பெண், கைக்கு வந்த தொகையோடு கல்யாணமாகிச் சில மாதங்களில் கருவுறுகிறார். கருவுக்குக் கொடுக்க அவர் உடம்பில் என்ன சேமிப்பு இருக்கும்? பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரை, பள்ளியை விட்டு மில்லுக்கு வந்த அதே வயதுப் பெண்ணுக்கு விடுதியில் கிடைக்கிறதா என்பதை மாவட்ட நிர்வாகம் ஆலை ஆலையாகப் பார்க்க வேண்டும். கர்ப்பிணி உணவு என்ற தலைப்பு உண்மையில் அந்த விடுதிச் சாப்பாட்டு அறையில்தான் ஆரம்பிக்கிறது.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. பெண்களுக்குக் கருவுறுவதற்கு முன்பிருந்தே தினமும் ஒரு சிற்றுண்டி கொடுத்தார்கள். கீரை, பழம், பால் சேர்த்து, சமோசா போலத் தெருவோரப் பலகாரங்களின் வடிவில் செய்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பிறப்பு எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே சாப்பிட ஆரம்பித்தவர்களின் பிள்ளைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி, அந்தச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களிடையே கர்ப்ப காலச் சர்க்கரை நோய் கணிசமாகக் குறைந்திருந்தது. மாத்திரை அல்ல, மருந்தல்ல, பதினொரு மணிப் பலகாரம். அதே பதினொரு மணிக்கு நம் ஊரில் மைதா பன் வருகிறது.

எடை மட்டும் போதாது

பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கு மேல் பிறந்தால் எல்லாம் நலம் என்று நினைக்கிறோம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் 1993 முதல் சுற்றுவட்டார ஆறு கிராமங்களில் நடத்திய ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும். தோலுக்கடியிலான கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு ஏறிய உடல். பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு வாசல் திறந்துவைத்த உடல் என்று அவர் விளக்கினார். அந்தக் குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் கூடிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு தென்பட்டது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் பி12 கிடைக்கும். டீயில் கலந்த ஒரு மடக்குப் பால் அதற்குப் போதாது.

கருவில் பட்ட குறை பிற்கால நோயாக வரும் என்பதற்கு முன்னோடியான சான்று ஒரு போர்க்கால அவலத்திலிருந்து வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்தில் ஒரு நாள் ரேஷன் 400 முதல் 800 கலோரி வரை சரிந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பட்டினியைச் சந்தித்த கருக்களுக்குப் பிறக்கும்போது எடை குறையவில்லை. ஆனால் நடுவயதில் இதய நோயும் உடல் பருமனும் அவர்களிடம் அதிகம் தென்பட்டன. அறுபது வருஷம் கழித்து, 2008-இல் வெளியான ஆய்வில், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேல் படிந்த வேதிக் குறியே அவர்களிடம் மாறியிருந்தது தெரிந்தது. தாய் பட்ட பட்டினியை உடம்பு அத்தனை காலம் நினைவில் வைத்திருந்திருக்கிறது.

குறைவாகச் சாப்பிடுவதில் மட்டும் ஆபத்து இல்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா 2008-இல் வெளியிட்ட கணக்கில் கர்ப்ப காலச் சர்க்கரை நோய் சென்னை நகரில் 17.8 சதவீதம், புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப காலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு கடைப்பிடிக்கிறது. அவர் வற்புறுத்திய முறை எளிது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் காத்திருக்க பீஸ் ரேட் டெய்லர் அரை நாள் சம்பளத்தை விட வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, இனிப்பு டீ, மைதா, இரவில் தாமதமாக ஒரு பெரிய சாப்பாடு என்று சர்க்கரைக்குத் தோதான எல்லாமே இந்த வேலையில் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை தடாலென்று இறங்கும்.

இன்னொரு விஷயம் தண்ணீர். சாப்பாட்டுப் பட்டியல்களில் அது கடைசி வரியில் வரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் பல தொழில்களில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளைப் பார்த்ததில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அயர்னிங் பகுதியில் நீராவிக்கு நடுவே நிற்கிற கர்ப்பிணி, கழிப்பறைக்கு எழுந்தால் பீஸ் குறையுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். சிறுநீர்த் தொற்று வருகிறது. அது முற்றினால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடும்.

வீட்டு நம்பிக்கைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ‘பிள்ளை பெருத்துட்டா ஆபரேஷன் ஆயிரும்’ என்று கடைசி மூன்று மாதம் சோற்றைக் குறைக்கச் சொல்கிற மாமியார், அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆபரேஷன் என்றால் வேலைக்குத் திரும்ப நாளாகும் என்ற பயமும் அதில் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையின் மூளை வேகமாக வளர்வதும், இரும்பு சேர்வதும் அந்த மூன்று மாதத்தில்தான். குறைக்கிற காலமே இல்லை அது. பிள்ளையின் நிறத்துக்காக வாங்குகிற ஒரு கிராம் குங்குமப்பூ விலையில் ஓர் அட்டை முட்டை வாங்கலாம்.

கொங்கு அடுப்படியில் இல்லாத சத்து எதுவுமில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய அரிசிம்பருப்புச் சோறு பாக்ஸில் மதியம் வரை தாங்கும், புளிச்சோற்றைவிடப் பல மடங்கு மேல். முருங்கைக்கீரையை வெயிலில் காயவைத்து வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் ஊசிப்போகும் தொல்லை இல்லை, மதியம் சோற்றில் போட்டுப் பிசைந்துகொள்ளலாம். இரவில் ஊறவைத்துக் காலையில் வேகவைத்த பச்சைப்பயறு, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, இரண்டு வேகவைத்த முட்டை இவற்றை ஒரு சின்ன டப்பாவில் தனியாகக் கட்டிக்கொண்டால் பதினொரு மணி பன்னுக்கு வேலை இல்லை. ரத்தம் ஊற சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நல்ல பழக்கம். ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்பு நிறைய உண்டு.

அரசு தருவது, கம்பெனி தரவேண்டியது

தமிழ்நாட்டில் 1987 முதல் நடக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு இப்போது 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். அங்கன்வாடியில் தனியாகச் சத்துமாவும் உண்டு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து ‘பிக்மி’ என்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்குவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு, வேலை நாளில் பகலில் மட்டும் நடக்கும் செக்கப்பும் அங்கன்வாடியும் பூட்டிய கதவு மாதிரி. வாரத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு மேலோ ஞாயிறு காலையோ தொழிற்பகுதிகளில் கர்ப்பிணி செக்கப் வைத்தால், புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே பாதிப் பிரச்சினை தீரும்.

லைன் வீடுகளில் இருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். அங்கன்வாடியில் பதிய அவர்களுக்கும் உரிமை உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் இங்கேயே தானியமும் வாங்கலாம். சொல்வதற்கு அவர்கள் மொழியில் ஆள் இல்லை. மாமியாரும் அம்மாவும் ஆயிரம் மைலுக்கு அப்பால். ஏழாம் மாதம் வரை வேலை பார்த்துவிட்டு, முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு இரவு பயணம் செய்து ஊருக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள். இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு அங்கே யார் கைக்கும் போய்ச் சேருவதில்லை.

சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் அதைத் தந்தது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அந்தச் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருந்தால் போதும். கான்ட்ராக்டில், பவர் டேபிளில், சீட்டில் பெயரில்லாமல் வேலை பார்ப்பவருக்கு அந்த 70 நாள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விடுப்பில்லாத கர்ப்பிணி என்ன செய்வார்? கடைசி வாரம் வரை வேலைக்கு வருவார், சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பார். தாயின் சாப்பாட்டைப் பேசுகிற இடத்தில் இ.எஸ்.ஐ. எண்ணைப் பற்றிப் பேசுவது அதனால்தான் தவிர்க்க முடியாததாகிறது.

முதலாளிகளிடமும் ஒன்றைச் சொல்லலாம். 1970-களின் கடைசியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ரத்தசோகையுள்ள பெண்களுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் கொழுந்து பறிக்கும் அளவு கூடியது. 1990-களில் பெய்ஜிங் பஞ்சாலைப் பெண்களிடமும் வேலைத்திறன் உயர்ந்தது. வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகளில் சத்துச் சேர்த்த மதிய உணவும் இரும்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த இடங்களில், வெறும் மாத்திரையும் அறிவுரையும் தந்த இடங்களைவிட ரத்தசோகை மிக அதிகமாக இறங்கியது. ஏற்றுமதிச் சந்தையில் நம் போட்டியாளர் செய்து பார்த்த காரியம் இது. பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுக்கிற செலவு, ஒரு டி-ஷர்ட்டின் விலையில் எத்தனை பைசா என்று வெளிநாட்டு பையரிடம் கணக்குக் காட்டிக் கேட்கலாம். சோஷியல் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தீயணைப்பான் தேதியைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் காப்பக அறையில் பொம்மை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கர்ப்பிணிகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றும், கடந்த வருஷம் பிள்ளை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு 26 வாரச் சம்பளம் கிடைத்தது என்றும் அவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகும் தாயின் உணவே அதன் உணவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு. ஷிப்ட் ரேட்டில் இருப்பவருக்கு இவை உதவும். பீஸ் ரேட்டில் இருப்பவர் பால் கொடுக்க எழுந்து போகிற ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் அத்தனை பீஸ் குறைகிறது, சனிக்கிழமை கவர் இளைக்கிறது. அந்த நிமிடங்களைத் தைத்த பீஸாகவே கணக்கில் எழுதச் சொல்லி, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.